காக்கையும் பனம்பழமும்

காக்கை அமர்ந்தபொழுது பனம்பழம் விழுந்தால், காக்கையே அதனை வீழ்த்தியது எனத் துணிதல் கூடாது. இதனைக் காகதாலீய நியாயம் என்பர். பெருநகரங்களில் குற்றங்கள் குறைவதன் காரணத்தை ஆராய்வோர்க்கு இந்நியாயம் பெரிதும் பயன்படும்.

நியூயார்க்கு நகரில் 1990ஆம் ஆண்டில் 2,000க்கு மேற்பட்ட கொலைகள் நிகழ்ந்தன. 2011இல் அவை 515 ஆகக் குறைந்தன. வழிச்செல்வோரை நிறுத்திச் சோதிக்கும் முறையே கொலைகளைக் குறைத்தது என்று காவல் தலைவர்கள் கூறினர். அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 6,85,000 முறை மக்கள் நிறுத்தப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் குற்றமற்றவர். 2013இல் நீதிமன்றம் அம்முறை கையாளப்பட்ட விதம் அரசியலமைப்புக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. சோதனைகள் மிகவும் சுருங்கின. குற்றம் பெருகும் எனப் பலர் அஞ்சினர். ஆயினும் 2017இல் கொலைகள் 300க்கும் கீழே குறைந்தன.

காவலே வேண்டா என்பது இதன் கருத்தன்று. ஒரு முறையைக் கைக்கொண்டபோது விளைந்ததையும், கைவிட்டபோது விளைந்ததையும் ஒப்பிட்டே காரணம் துணிதல் வேண்டும். ஆராயாது துணியின் குற்றமற்றோரே துன்புறுவர்.