முழக்கோலும் மருந்துச் சிமிழும்

தறியில் அமர்ந்து உழைப்போருக்கு முழக்கோலின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. கோல் தேய்ந்து குட்டையாகிவிட்டால், நெய்யாத நீளமும் நெய்ததாகக் கணக்கில் ஏறும். துணியின் மேல் குற்றமில்லை. அளந்த கோலின் மேல்தான் குற்றம். நிலத்தில் பாடுபடும் நம் அங்கத்தினர்களுக்கும் இத்தகைய கோல் ஒன்று உண்டு. அது பரிசோதனைச்சாலையின் குளிர்பெட்டியில், ஒரு சிறு கண்ணாடிச் சிமிழுக்குள் இருக்கிறது. அதைக் கண்டவர் நம்மில் மிகச் சிலரே.

கார்பரில் என்னும் பூச்சிக்கொல்லியையே எடுத்துக்கொள்வோம். 1950-களின் பிற்பகுதியில் ‘செவின்’ என்ற பெயரில் கடைக்கு வந்த மருந்து இது. பருத்திக் காய்ப்புழுவை ஒழிக்க நம் நாட்டு விவசாயிகள் பல்லாண்டுகள் இதனைத் தெளித்தனர். இது கார்பமேட் வகுப்பைச் சேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் அவரையிலுள்ள நஞ்சும் இவ்வகுப்பினதே. நரம்பின் செய்தியை உரிய வேளையில் நிறுத்தும் நொதியை இவை தடுத்துவிடுகின்றன. பூச்சி துடித்து மடிகிறது. தேனீக்கும் இது கொடிய நஞ்சாகும். மனிதர் உடலில் மிகுதியாகச் சேர்ந்தால் வியர்வையும் உமிழ்நீரும் பெருகி, கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறும்.

இம்மருந்தின் சரித்திரத்தில் ஆறாத புண் ஒன்று உண்டு. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, போபால் நகரிலிருந்த யூனியன் கார்பைட் தொழிற்சாலையினின்று சுமார் 40 டன் மெதில் ஐசோசயனேட் வெளியேறி ஆயிரக்கணக்கான மக்களைப் பலிகொண்டது. கார்பரில் தயாரிப்பதற்காகவே அந்த நஞ்சு அங்கே சேமிக்கப்பட்டிருந்தது. பின்னர் 2018 ஆகஸ்டில் இந்திய அரசு கார்பரிலைத் தடை செய்தது.

தடையான மருந்துக்குப் பரிசோதனைச்சாலையில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு பொருள் காய்கறியில் இல்லை என்று துணிந்து சொல்ல வேண்டுமானால், அது இருந்தால் கருவி எவ்வாறு காட்டும் என்பது முதலில் தெரிய வேண்டும். அதற்காகவே தூய்மை இவ்வளவு என்று சான்றிதழுடன் உறுதி செய்த மருந்தைச் சிறிதளவு வைத்திருக்கின்றனர். இதனைப் பிரமாணப் பொருள் என்னலாம். பயிருக்கு மருந்தாக இருந்த காலம் போய், இன்று அது அளவுகோலாக நிற்கிறது.

வேலை நடக்கும் முறை எளிதில் விளங்கக்கூடியதே. 10 மில்லிகிராம் வெண்பளிங்கை நுண்தராசில் நிறுத்து, 10 மில்லிலிட்டர் கரைப்பானில் கரைக்கின்றனர். அதனைப் படிப்படியாக நீர்த்து, பல அளவுக் கரைசல்களைச் செய்து கருவியில் செலுத்துகின்றனர். ஒவ்வொரு அளவுக்கும் கருவி காட்டும் குறியைப் பதிவு செய்தபின், நம் காய்கறியின் சாற்றைச் செலுத்தி ஒப்பிடுகின்றனர். வெப்பத்தில் கார்பரில் எளிதில் சிதைவதால், வாயு நிறப்பிரிகையைவிடத் திரவ நிறப்பிரிகையே இதற்கு ஏற்றது. அளவின் நுட்பமோ வியக்கத்தக்கது. தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 டன் சரக்கில் 1 கிராம்!

இங்கேதான் நம் அங்கத்தினர்களின் வாழ்வு சம்பந்தப்படுகிறது. பிரமாணப் பொருளே பழுதுபட்டிருந்தால் என்ன ஆகும்? அனுமதி பெற்ற மருந்தொன்றுக்கு வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். சிமிழிலுள்ள மருந்து சிதைந்து, பத்தில் எட்டுப் பங்கே மிஞ்சியிருக்கிறது. அதைப் பரிசோதகர் முழுமையானதென்று நம்புகிறார். அப்போது மெய்யாக 0.9 மில்லிகிராம் உள்ள மிளகாய், 1.1-க்கு மேல் என்று பதிவாகும். சீட்டில் கண்ட நாள்வரை பொறுத்திருந்து பறித்த விவசாயி குற்றவாளியாகிறார், சரக்குத் திரும்புகிறது, கடன் நிற்கிறது. குட்டைக் கோல் துணியை நீட்டிக் காட்டியது போலவே இதுவும். இதற்கு மாறாக, சீட்டில் கண்டதைவிடக் கரைசல் வலுத்திருந்தால், வரம்பு மீறிய நஞ்சு உண்போர் தட்டுக்குச் சென்றுவிடும்.

கார்பரில் அமிலத்தில் நிலைத்து நிற்கும். காரத்தில் சில மணி நேரத்திலேயே சிதையும். ஆகவே கரைசல் செய்த தேதி, சிமிழ் திறந்த தேதி, காலாவதித் தேதி, வைத்திருந்த குளிர்நிலை ஆகிய யாவும் ஏட்டில் இருக்க வேண்டும்.

எனவே சங்க நிர்வாகிகளுக்கு நாம் கூறுவது இதுவே. சரக்கை அனுப்புமுன் அதே குவியலிலிருந்து முத்திரையிட்ட மாற்று மாதிரியொன்றைக் குளிர்பதனத்தில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச்சாலையையே நாடுங்கள். பாதகமான முடிவு வந்தால், பிரமாணப் பொருளின் தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் கேளுங்கள். தனி விவசாயி கேட்கத் தயங்குவார்; சங்கம் தயங்க வேண்டியதில்லை. கூட்டுறவு என்பதன் பொருளே அதுவன்றோ?

அதே சமயம் நம் கையும் சுத்தமாக இருக்கட்டும். தடைப்பட்ட மருந்தின் பழைய பொட்டலம் எவர் வீட்டிலேனும் இருந்தால், அதைத் தெளிக்கவும் வேண்டாம், கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டவும் வேண்டாம். வேளாண்மை அதிகாரியிடம் தெரிவியுங்கள். நேர்மையான கோலைக் கேட்கும் உரிமை, நேர்மையான சரக்கைக் கொடுப்பவருக்கே உண்டு.