சூளைக்குச் சென்ற பிள்ளைகளும் கைப்பேசிப் பாடமும்

தை பிறந்ததும் தாய் தகப்பனோடு செங்கல் சூளைக்குப் புறப்பட்டுப் போய், மழை தொடங்கும் சமயத்தில் ஊர் திரும்பும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு, இடையில் நடந்துபோன இயற்கணிதம் இல்லாமல் அடுத்த பாடம் விளங்குவது அசாத்தியம். தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் பாடக் காணொளி திறக்கிறது. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் கிடைக்கின்றன. ஆனால் சூளையில் அந்தக் குடும்பத்திடம் உள்ள ஒரே கைப்பேசி தகப்பனாரின் சட்டைப் பையில் இருக்கிறது. அது பிள்ளையின் கைக்கு வருவது இரவில்தான், அதுவும் அன்றைய டேட்டா மிச்சமிருந்தால். ஆகையால், எந்தக் கணக்கில் பிள்ளை தடுமாறி நிற்கிறானோ அதற்குரிய ஐந்து நிமிஷக் காணொளியை மட்டும் உபாத்தியாயர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவன் நோட்டில் போட்ட விடையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லித் திருத்தி, பிறகு அவனோடு இரண்டு வார்த்தை பேசுவதே உசிதமென்று கருதுகிறேன்.