அதிக உடற்பருமன்: முதல் எட்டுக் கிலோவின் பெறுமதி

பருமனான ஒருவரைக் கண்டால் 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று முடிவு கட்டிவிடுவது எம்மவர் பலரின் வழக்கம். கலியாண வீட்டில் ஒரே சஹனில் அமர்ந்துகொண்டே அவரைக் கேலி செய்கிறோம். அவர் வெட்கப்பட்டு ஒதுங்குகிறார், வைத்தியரிடமும் போவதில்லை. காலில் ஆறாத புண்ணுடன் வைத்தியசாலைக்குப் போகும்போதுதான் சீனி வருத்தம் இருப்பதே தெரியவருகிறது.

இலங்கையில் 2005-2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாகக் காட்டியது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. யாழ்ப்பாணம் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதால் இங்கு நோய் இல்லை என்று அர்த்தமல்ல.

கொழுப்பு என்பது உடலில் சும்மா கிடக்கும் சுமை என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது இரத்தத்தில் பல இரசாயனங்களைச் சுரக்கும் ஓர் உறுப்பு. எடை மிகவும் கூடும்போது கொழுப்புக் கலங்கள் அளவுக்கு மீறி வீங்குகின்றன. அவற்றுக்குப் போதிய ஒட்சிசன் கிடைப்பதில்லை. சில இறந்தும் போகின்றன. அவற்றைத் துப்புரவு செய்ய நோயெதிர்ப்புக் கலங்கள் அங்கு திரள்கின்றன. காயம்பட்ட இடத்தில் ஏற்படும் அழற்சியைப் போன்ற ஒன்று, வலியே இல்லாமல், ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. பருத்த விலங்குகளின் கொழுப்பிலிருந்து சுரக்கும் அழற்சிப் புரதம் ஒன்று இன்சுலினின் வேலையைத் தடுப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1993இல் கண்டறிந்தனர்.

இன்சுலின், இரத்தத்திலுள்ள சீனி கலங்களுக்குள் செல்லக் கதவைத் திறக்கும் சாவி போன்றது. அழற்சியும், ஈரலிலும் தசையிலும் படியும் கொழுப்பும் அந்தப் பூட்டை இறுகச் செய்கின்றன. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. இன்சுலின் கூடியிருக்கும்வரை உடல் கொழுப்பை இலகுவில் கரையவிடாது. கடைசியில் கணையம் களைத்துவிட, சீனி ஏறுகிறது. கழுத்திலும் அக்குளிலும் படரும் தடித்த கருமை பெரும்பாலும் இதன் அடையாளமே. அது ஊத்தை என்று தேய்த்துக் கழுவுவதால் போகாது.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. இந்தப் பூட்டு இளக, மெலிந்த உடல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில், நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தோருக்கு உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரம் 150 நிமிடங்கள் உடற்பயிற்சி செய்வதுமே இலக்காகக் கொடுக்கப்பட்டன. அவர்கள் நீரிழிவுக்கு ஆளாவது 58 வீதத்தால் குறைந்தது. 110 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 7 வீதம் என்பது ஏறத்தாழ 8 கிலோ. கண்ணாடியில் பெரிய மாற்றம் தெரியாது, உள்ளே தெரியும்.

ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் சீராவதில்லை. உணவைக் குறைத்தால் ஈரலின் கொழுப்பு சில வாரங்களிலேயே குறையத் தொடங்கி, இரத்தச் சீனி இறங்குகிறது. கொழுப்பிலுள்ள அழற்சி தணிய அதைவிட நீண்ட காலம் எடுக்கலாம். எனவே இரண்டு மாதத்தில் 'ரிப்போர்ட் நல்லா வந்திட்டுது' என்று பழைய உணவுக்குத் திரும்புவதும், வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும் ஆபத்தானவை.

எமது சமையலறையிலேயே தொடங்கலாம். கோப்பையில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் கீரையாலும் மரக்கறியாலும் மீனாலும் நிரப்பலாம். தேநீருக்குச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி கடித்தால் பாதிப்பில்லை என்ற நம்பிக்கை தவறு. பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனியே. பகல் முழுக்க நோன்பிருந்து, இஃப்தாரில் பொரித்த பண்டங்களும் சர்பத்துமாக நிரப்பினால் எடை குறையாது. இன்சுலினோ சீனி வருத்த மாத்திரையோ எடுப்பவர்கள், ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பே வைத்தியரைச் சந்தித்து மருந்தின் அளவையும் நேரத்தையும் சரிசெய்துகொள்வது அவசியம்.

மிக அதிக பருமன் உள்ளவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாமல் போகலாம். மருந்தோ சத்திரசிகிச்சையோ தேவைப்பட்டால் அது மனவுறுதி இல்லாததன் அடையாளமல்ல. எடை குறையும்போது பசியைக் கூட்டி, இழந்த எடையை மீட்கப் பார்ப்பது உடலின் இயல்பு.

ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டுவது தென்னாசியர்களான எமக்கு எச்சரிக்கை. அரச வைத்தியசாலையில் இரத்தச் சீனியைப் பார்க்கக் காசும் தேவையில்லை. எம் பெண்கள் கூச்சமின்றி மாலையில் நடந்துவர ஓர் இடத்தையும் நேரத்தையும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் சேர்ந்து ஒழுங்கு செய்தால், அது பல குடும்பங்களைக் காக்கும். கேலியை நிறுத்துவதற்கோ எந்த ஒழுங்கும் தேவையில்லை. அதை இன்றே செய்யலாம்.