உயரத்துக்கேற்ற சைக்கிள்: அக்காவின் முழங்கால் சொன்ன பாடம்

எங்கள் அக்கா புதுக்குடியிருப்பில் இருந்து தினமும் நாலு கிலோமீற்றர் சைக்கிளில் வேலைக்குப் போகிறா. அது அத்தானின் சைக்கிள். 28 அங்குலச் சில்லு, பார் வைத்த பழைய வண்டி. கடைசிச் சண்டைக்கு முன்னரே வவுனியாவில் உறவினர் வீட்டில் நின்றதால் அது தப்பியது. 2009இல் அத்தான் காணாமல் போனார். சைக்கிள் திரும்பி வந்தது.

சில காலமாக அக்காவுக்கு முழங்காலின் பின்பக்கம் நோவு. "வயசு போகுதுதானே" என்றா. போன மாதம் பஸ் ஒன்றுக்கு வழிவிட நிறுத்தியபோது கால் நிலத்தில் எட்டாமல் சரிந்து விழுந்தா. அன்றுதான் நான் அளவுநாடாவை எடுத்தேன்.

அளப்பது எளிது. செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு கொப்பியைக் கால்களுக்கிடையே கவட்டில் முட்டும்வரை உயர்த்துங்கள். கொப்பியின் மேல்விளிம்பில் இருந்து தரை வரை உள்ள நீளமே உங்கள் கால் அளவு. வாங்கும்போது ஆளின் உயரத்தை விட இந்த அளவுதான் முக்கியம். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் வேறுபடும்.

அக்காவின் அளவு 27 அங்குலம். அத்தானின் சைக்கிள் பாரோ தரையில் இருந்து 32 அங்குலம். பார் உள்ள சைக்கிளில் இரு காலையும் ஊன்றி நிற்கும்போது பாருக்கும் கவட்டுக்கும் இடையே ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். இங்கே ஆறு அங்குலம் பற்றாது.

அடுத்தது சீற். கால் அளவை 0.883ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் நடுவில் இருந்து சீற்றின் மேற்பகுதி வரை இருக்கவேண்டிய உயரம் வரும். அக்காவுக்கு ஏறத்தாழ 24 அங்குலம். அந்தச் சீற்றை எவ்வளவு பதித்தாலும் 25க்குக் கீழே இறங்கவில்லை. கணக்கு வேண்டாம் என்றால், சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் நிற்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் உழக்கினால் முழங்கால் இலேசாக மடியும், அதுவே சரி. சீற் அதிகம் உயர்ந்தால் இடுப்பு இருபக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் நோகும். அதிகம் பதிந்தால் முன்பக்கம் நோகும். சீற்றுக் குழாயில் உள்ள எல்லைக் கோட்டைத் தாண்டி உயர்த்தவே கூடாது; முறிந்துவிடும்.

எந்த வகை? ஐந்தடி அளவானவர்களுக்கும், சேலையோடு ஓடுபவர்களுக்கும் 26 அங்குலச் சில்லுள்ள, பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் பொருந்தும். செயற்கைக்கால் பொருத்தியவர்களும், ஆணோ பெண்ணோ, இதையே யோசிக்கலாம். காலைத் தூக்கிப் போடத் தேவையில்லை. அவர்கள் நல்ல கால் தரையில் நன்றாக ஊன்றும்படி சீற்றைச் சற்றுத் தாழ்த்துவது நல்லது. மணல், கிரவல் ஒழுங்கைகளுக்கு அகலமான ரயர் உதவும். ஆனால் தார் வீதியில் முள்ளு ரயர் இழுக்கும். மலிவான ஸ்பிரிங் வைத்த மவுண்டன் சைக்கிள் பாரத்தைக் கூட்டும், உழக்கும் பலத்தையும் விழுங்கும். சாமான் ஏற்றுபவர்கள் கரியரின் உறுதியைப் பாருங்கள்.

பழையது வாங்கினால் பற்றவைத்த மூட்டுகளில் வெடிப்பு உண்டா, சில்லு நெளிந்து சுற்றுகிறதா, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று பார்த்து, பத்து நிமிடமாவது ஓடிப் பாருங்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் அக்கா மௌனமாகவே இருந்தா. "அவற்ற சைக்கிளை விக்கச் சொல்லுறியோ?" என்று கடைசியில் கேட்டா. விற்கச் சொல்லவில்லை. அத்தான் போனபோது கைக்குழந்தையாக இருந்த மருமகனைச் சுவரோடு நிறுத்தி அளந்தேன். 33½ அங்குலம். தகப்பனின் சைக்கிள் அவனுக்கு அளவாக இருந்தது.

இப்போது அக்கா 26 அங்குல லேடீஸ் சைக்கிளில் போகிறா. அதில் அடிப்பது அத்தானின் பழைய மணி. அதை மட்டும் கழற்றித் தரும்படி மகனிடம் கேட்டிருந்தா.