உஷார்! மசாய் மாராவுக்கு முன்பணம் கட்டும் முன்

சென்ற வாரம் அண்ணன் மகன் மதுரையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பேக்கேஜ் விவரம் அனுப்பியிருந்தான். கென்யா, ஐந்து நாள், நான்கு இரவு. நைரோபி, அம்போசெலி, மசாய் மாரா. ஆகஸ்ட் முதல் வாரம் புறப்பாடு. அவன், மனைவி, பன்னிரண்டு வயது மகள், 66 வயதான எங்கள் அண்ணி என நான்கு பேர். "சித்தப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள பாதிப் பணம் கட்டினா தள்ளுபடியாம். கட்டிரட்டுமா?" என்று கேட்டிருந்தான்.

நான்கு பக்கமும் சிங்கம், யானை, சூரிய அஸ்தமனம். கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: பூங்கா நுழைவுக் கட்டணம் தனி.

உடனே போன் போட்டேன். "கட்டாதே. பொறு." அவனுக்குச் சொன்னதையும், பேசி முடித்த பிறகு நினைவுக்கு வந்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி விவரம் இன்னும் எத்தனையோ வீடுகளின் போனில் வந்து காத்திருக்கிறது என்று தெரியும்.

அந்த ஒரு வரியின் கணக்கைப் பாருங்கள். மசாய் மாரா தேசியப் பூங்கா இல்லை, தேசிய வனவிலங்குக் காப்பகம். நாரோக் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பது. அங்கே கட்டணத்தை முடிவு செய்வதும் அந்த நிர்வாகமே. 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயதுவரை 50 டாலர். அண்ணன் மகன் குடும்பத்துக்கு ஆகஸ்டில் ஒரு நாளைக்கு 650 டாலர். மாராவில் மூன்று நாள் என்றால் 1,950 டாலர். நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பேக்கேஜ் விலையில் இது சேரவே இல்லை. அம்போசெலிக்கு வேறு தனிக் கட்டணம்.

இதற்குள் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. முன்பெல்லாம் மாராவின் சீட்டு 24 மணி நேரம் செல்லும். மாலை நான்கு மணிக்கு உள்ளே போனால் மறுநாள் மாலை நான்கு வரை அதே சீட்டு. இப்போது காலை 6 முதல் மாலை 6 வரை, பன்னிரண்டே மணி நேரம். காப்பகத்துக்கு உள்ளே இருக்கும் லாட்ஜில் தங்குகிறவர்கள் புறப்படும் நாளன்று காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். தாண்டினால் அன்றைக்கும் கட்டணம் விழும். "கடைசி நாள் நிதானமாகக் காலை உணவு முடித்து, போகிற வழியில் இன்னொரு சஃபாரி" என்று பேக்கேஜில் எழுதியிருக்கும். அந்த நிதானத்துக்கு அண்ணன் மகன் குடும்பம் இன்னொரு 650 டாலர் கொடுக்க வேண்டி வரலாம். அதனால் ஏஜென்டிடம் எழுத்திலேயே கேளுங்கள். தங்குமிடம் காப்பகத்துக்கு உள்ளேயா, வெளியே செக்கெனானி, தாலெக் வாசல்களின் பக்கமா? எத்தனை நாள் நுழைவுக் கட்டணம் விலையில் அடங்கியிருக்கிறது? கடைசி நாள் எத்தனை மணிக்கு வாசலைக் கடக்கிறோம்? வாய்ப்பேச்சாகப் பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.

அடுத்ததைச் சொல்லும்போது எனக்கே குரல் உயர்ந்துவிட்டது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா இந்தச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அதனால் பலர் தேவையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது திரும்பும்போது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. அந்த நோய் இங்கே இல்லை; ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு நம் தெருவெங்கும் இருக்கிறது. அதனால் நம் அரசு இந்த விஷயத்தில் இறுக்கமாக நிற்கிறது, நிற்கவும் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். எட்டாம் நாள் திரும்பி வந்து "ஊசி போட்டிருக்கிறேனே" என்று சொல்வதில் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும்.

இந்த ஊசியைத் தெருமுனை கிளினிக்கில் போட முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்த நாள், எப்படிப் பதிவு செய்வது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்; விடுமுறைக் காலத்தில் இடம் கிடைக்கத் தாமதமாகும். "ஊசியே வேண்டாம், சான்றிதழ் மட்டும் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து விலகி நடங்கள்.

அண்ணியின் வயதை நான் குறித்துக்கொண்டது இதற்காகத்தான். இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் ஆன ஊசி. 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் விஷயத்திலும் மருத்துவர் நிதானித்துத்தான் முடிவெடுப்பார். அப்படியானால் விமானச் சீட்டுக்கு முன்னால் அண்ணி போய் உட்கார வேண்டியது அவருடைய மருத்துவர் முன்னால். ஊசி போட முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் பயணத் திட்டமே மாறும். பாதிப் பணம் கட்டிய பிறகு அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

விசாவுக்கு வருகிறேன். 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா கிடையாது. பதிலாக இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி வாங்க வேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியாக. கட்டணம் 30 டாலர், அதோடு சிறு பரிமாற்றச் செலவு. ஆனால் தேடுபொறியில் தட்டிப் பாருங்கள்: மேலே விளம்பரமாக வந்து நிற்பவற்றில் பல, கென்யக் கொடியும் முத்திரையும் போட்டுக்கொண்டு அதே வேலைக்கு இரண்டு மடங்கு மூன்று மடங்கு வாங்கும் தனியார் தளங்கள். பணம் கூடப் போவதைவிடப் பெரிய கவலை, உங்கள் பாஸ்போர்ட்டின் படம் யார் கைக்குப் போகிறது என்பது. கென்ய அரசுத் தளங்களின் முகவரி ‘ஜி-ஓ புள்ளி கே-இ’ என்ற எழுத்துகளில் முடியும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் படத்தை ஏற்றுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்றும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பேக்கேஜில் என்னை மிகவும் பயமுறுத்தியது அந்த வழித்தடம். நைரோபியிலிருந்து மாரா ஏறக்குறைய 270 கிலோமீட்டர், ஐந்து ஆறு மணி நேரம். அம்போசெலி கிளிமஞ்சாரோ அடிவாரத்தில், எதிர்த்திசையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை வழியாகப் போனால் ஒரு பகல் முழுக்க வண்டியிலேயே கழியும். ஐந்து நாளில் இரண்டையும் திணித்தால் ஓட்டுநர் தூக்கமில்லாமல் ஓட்டுவார். இருட்டிய பிறகும் ஓட்டுவார். 2025 ஜூன் 9 அன்று, கத்தாரிலிருந்து கென்யாவுக்குச் சுற்றுலா போன 28 இந்தியர்கள் இருந்த பேருந்து நியான்டருவா பகுதியில் கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தது. அதில் ஐந்து இந்தியர்கள் உயிரிழந்ததை தோஹாவிலுள்ள நம் தூதரகம் உறுதிப்படுத்தியது. விடுமுறைக்குப் போன குடும்பங்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து யார் கென்யா என்றாலும் முதலில் நான் கேட்பது வழித்தடத்தைத்தான். ஐந்து நாள் என்றால் மாரா மட்டும் போதும். மனம் கேட்காவிட்டால் வழியில் நைவாஷா ஏரி. இருட்டில் சாலைப் பயணம் கிடையாது, எல்லா இருக்கையிலும் சீட் பெல்ட் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். ஜூன் 25, ஜூலை 7 ஆகிய நாட்களில் நைரோபிக்குள் இருக்காதபடி திட்டமிடுவதும் நல்லது. 2024-இல் அங்கே அரசுக்கு எதிராக நடந்த போராட்டங்களுக்குப் பிறகு 2025-இல் அந்தத் தேதிகளில் மறியலும் மோதலும் நடந்து நகரம் முடங்கியது.

ஏஜென்டைச் சோதிக்க வழி இருக்கிறது. அங்கே வண்டி ஓட்டப்போகும் கென்ய நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். சொன்னால், அதற்கு கென்யாவின் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணைய உரிமம் இருக்கிறதா, கென்ய சுற்றுலா நடத்துநர் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். வழிகாட்டிகளுக்கும் அங்கே தனிச் சங்கம் உண்டு. தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரிக்கிறது. பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பவே வேண்டாம்.

"வைல்டுபீஸ்ட் ஆற்றைக் கடக்கும் காட்சி உறுதி" என்றும் அந்தப் பக்கங்களில் போட்டிருந்தது. அந்த உறுதியை யாராலும் தர முடியாது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த மான்கூட்டம் பக்கத்து நாடான தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து வருகிறது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாராவில் பார்க்கும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். கரையில் நாள் முழுக்க நின்றுவிட்டுத் தண்ணீரில் கால் வைக்காமல் திரும்பிப் போவதும் உண்டு. இந்தப் பொய் உறுதியால் என்ன நடக்கிறது தெரியுமா? காசு கொடுத்தவர் காட்சி கேட்கிறார். ஓட்டுநர் கரையை அடைக்கிறார். 2025 ஜூலையில் செரெங்கெட்டியில் ஆட்கள் வண்டியைவிட்டு இறங்கிக் கரையில் நின்று, கடக்க வந்த விலங்குகளின் வழியை மறித்த வீடியோவைப் பார்த்து நான் கொதித்துப்போனேன். மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், தடத்தைவிட்டு இறங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஓட்டுநரிடம் "இன்னும் கிட்டே போங்க" என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவர் பிழைப்பு போகும். சிறுத்தையின் வேட்டையும் குட்டிகளின் இரையும் போகும்.

விலை மலிவு என்று ஏப்ரல், மே மாதத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அண்ணன் மகன் கேட்டான். அது அங்கே நீண்ட மழைக்காலம். மாராவின் மண் நம் கரிசல் மண் மாதிரி. நனைந்தால் வண்டிச் சக்கரத்தை விடாது. 2024 மே மாதத் தொடக்கத்தில் தாலெக் ஆறு கரை உடைத்து, ஓரத்து கேம்ப்களுக்குள் வெள்ளம் புகுந்து, பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி மீட்க வேண்டியதாயிற்று. போவதானால் கேம்ப் ஆற்றிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. முறுக்கையும் பருப்புப்பொடியையும் கடைக் கேரி பேக்கில் சுற்றாதீர்கள். 2017 ஆகஸ்டு 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. சட்டத்தில் 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதமும் நான்கு ஆண்டு வரை சிறையும் உண்டு. 2020 ஜூன் 5 முதல் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. மஞ்சப்பை, எவர்சில்வர் டப்பா, பித்தளையோ எஃகோ ஒரு தண்ணீர்ச் செம்பு: நம் வீட்டில் இருப்பதே போதும். தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். குரங்கும் பபூனும் ஜிப்பைத் திறந்து வரும். மாராவுக்குச் சிறு விமானத்தில் போவதானால் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையில். கெட்டியான சூட்கேஸை ஏற்றமாட்டார்கள். டிரோன் வேண்டாம், அனுமதியில்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறிமுதல். கருப்பு, அடர் நீல உடையும் வேண்டாம். தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈக்களை அந்த நிறங்கள் இழுக்கும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள். மாராவின் உயரம் ஏற்காட்டை ஒத்தது. ஆகஸ்ட் விடியற்காலையில் கூரை திறந்த வண்டியில் அண்ணிக்கு நடுக்கமெடுக்கும்.

பல கேம்ப்களுக்கு வேலி கிடையாது. இரவில் நீர்யானைகள் ஆற்றைவிட்டு மேலேறிப் புல் மேய வரும். சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் பத்தடி நடக்க வேண்டுமென்றாலும் அஸ்காரி, அதாவது காவலாளி, வந்து கூட்டிப்போகட்டும். குழந்தையைத் தனியாக அனுப்பாதீர்கள். பயணக் காப்பீட்டில் விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாராவிலிருந்து நைரோபியின் பெரிய மருத்துவமனைக்குச் சாலை வழியே போக அரை நாள்.

கடைசியாக மலேரியா. கென்யாவில் பெரும்பாலும் இருப்பது பால்சிபாரம் வகை; சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. அங்கே குளோரோகுயின் அதற்குக் கேட்காது. எந்த மாத்திரை உங்களுக்குப் பொருந்தும் என்று மருத்துவர் சொல்லட்டும். ஆனால் ஊர் திரும்பியதும் நிறுத்திவிடாதீர்கள். அடோவகோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் ஏழு நாள், டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம் தொடர வேண்டும். மாத்திரை சாப்பிட்டவருக்கும் காய்ச்சல் வரலாம், வாரங்கள் கழித்தும் வரலாம். அப்போது இங்கே மழைக்காலமாக இருக்கும். டெங்குவாக இருக்கும், வைரல் காய்ச்சலாக இருக்கும் என்று இரண்டு நாள் பாராசிட்டமாலில் ஓட்டிவிடுவோம். ஓட்டாதீர்கள். காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் போய், வாயைத் திறந்ததும் முதல் வாக்கியமாக "நான் கென்யாவுக்குப் போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். அவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் மலேரியா என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.