அரிய பழைய கைக்கடிகாரங்களை வணிகர்கள் திரட்டும் முறை

அரிய பழைய கைக்கடிகார வணிகம் என்பது, உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆன கைக்கடிகாரங்களைத் தேடிப் பெற்று, அவற்றின் உண்மைத்தன்மையை உறுதிசெய்து, சேகரிப்பாளர்களுக்கு விற்கும் தொழில் ஆகும். புதிய கடிகாரம் விற்பவர் தமக்கு வேண்டிய சரக்கைத் தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். பழைய கடிகார வணிகருக்கு அந்த வழி இல்லை. அவர் தேடும் பொருள் யாரோ ஒருவரின் அலமாரியிலோ வங்கிப் பெட்டகத்திலோ இருக்கிறது. ஆகவே இத்தொழிலில் விற்பதைவிட வாங்குவதே கடினம். கடிகாரத்தோடு அதன் வரலாற்றையும் சேர்த்துப் பெறுவதே வணிகரின் முதன்மையான பணி.

பின்னணி

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் குவார்ட்ஸ் கடிகாரங்கள் மலிந்தன. சாவி கொடுக்கும் கடிகாரங்களுக்கு மதிப்புக் குறைந்தது. சுவிட்சர்லாந்தில் பல நிறுவனங்கள் மூடப்பட்டன. பழையவற்றைப் பலர் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டனர். 1980களில் இத்தாலியச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்கத் தொடங்கினர். 1989இல் ஜெனீவாவில் பட்டெக் பிலிப் கடிகாரங்களுக்கென்றே ஆன்டிகோரம் நடத்திய ஏலம், இவற்றுக்கு உலகளாவிய சந்தை இருப்பதைக் காட்டியது.

அரிது என்பதன் பொருள்

பழமையும் விலையுயர்ந்த உலோகமும் மட்டும் ஒரு கடிகாரத்தை அரிதாக்குவதில்லை. பட்டெக் பிலிப்பின் 1518 என்ற மாதிரி 1941 முதல் 281 அளவில் தயாரிக்கப்பட்டது. பெரும்பாலானவை தங்கத்தால் ஆனவை. எஃகில் செய்யப்பட்டவை நான்கு மட்டுமே அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 2016இல் ஜெனீவாவில் 1.1 கோடி சுவிஸ் பிராங்கிற்கு விற்றது. தங்கத்தைவிட எஃகு பன்மடங்கு விலைபோக எண்ணிக்கையே காரணம்.

விற்காமல் போனதாலும் ஒரு பொருள் அரிதாகலாம். ரோலக்ஸ் டேடோனாவின் ஒரு டயல் வகையை 1960களில் வாங்குவோர் குறைவு. அதனால் அவை குறைவாகவே உள்ளன. நடிகர் பால் நியூமன் அணிந்ததால் அவ்வகை பின்னர் அவர் பெயரால் அழைக்கப்பட்டது.

கிடைக்கும் வழிகள்

முதல் உரிமையாளரின் குடும்பம்: வணிகர்கள் பெரிதும் விரும்பும் மூலம் இதுவே. வாங்கிய நாள் முதல் ஒரே குடும்பத்தில் இருந்த கடிகாரத்தில் உறுப்புகள் மாறியிருக்கும் வாய்ப்புக் குறைவு. பெட்டி, உத்தரவாதச் சீட்டு, கடை ரசீது, உரிமையாளர் அதை அணிந்திருக்கும் புகைப்படம் ஆகியவையும் சேர்ந்து கிடைக்கலாம். இத்தகைய குடும்பங்களை அடைய வணிகர்கள் நாளிதழில் விளம்பரம் செய்கின்றனர். இறந்தவர்களின் சொத்துகளைத் தீர்க்கும் வழக்கறிஞர்கள், நகைக்கடைக்காரர்கள், கடிகாரம் பழுதுபார்ப்போர் ஆகியோருடன் தொடர்பு வைத்திருக்கின்றனர். ஓர் ஊரில் யாரிடம் என்ன கடிகாரம் உள்ளது என்பதைப் பழுதுபார்ப்பவரே நன்கு அறிவார்.

பால் நியூமனின் சொந்த டேடோனா இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவருடைய மனைவி ஜோன் உட்வர்ட் அதைப் பரிசளித்தார். கவனமாக வண்டி ஓட்டும்படி அதன் பின்புறத்தில் வாசகம் பொறிக்கச் செய்திருந்தார். 1984இல் நியூமன் அதைத் தம் மகளின் நண்பருக்குக் கொடுத்தார். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் அது 1.77 கோடி டாலருக்கு விற்றது. அது யாருடைய கையில் இருந்தது என்பது தொடக்கம் முதல் தெரிந்திருந்ததே அந்த விலைக்கு அடிப்படை.

ஏலம்: ஜெனீவா, நியூயார்க், ஹாங்காங் ஆகிய நகரங்களில் பெரிய ஏலங்கள் நடைபெறுகின்றன. அங்கே வெளிப்படையான போட்டி உண்டு; வாங்குபவர் ஏலத்தொகைக்கு மேல் ஏறத்தாழ கால் பங்கு கட்டணமும் செலுத்த வேண்டும். ஆகவே இலாபம் தேடும் வணிகர்கள் சிறிய ஊர்களின் ஏலப் பட்டியல்களையும் ஊன்றிப் படிக்கின்றனர். தட்டுமுட்டுச் சாமான்களுடன் ‘ஆண்கள் கைக்கடிகாரம் ஒன்று’ என்று மட்டும் குறிக்கப்பட்ட பொருளின் மங்கலான படத்தில் அரிய டயலை அடையாளம் காண்பது அவர்களின் திறமை.

சக வணிகர்கள்: ஒருவரிடம் கடிகாரம் இருக்கும், மற்றவரிடம் அதை வாங்கும் வாடிக்கையாளர் இருப்பார். எனவே ஒரே கடிகாரம் சேகரிப்பாளரை அடையுமுன் பல கைகள் மாறுவதுண்டு. இப்பரிமாற்றங்கள் பெரும்பாலும் வாய்ச்சொல் நம்பிக்கையில் நடப்பதால், ஒருமுறை ஏமாற்றியவருக்கு அடுத்த வாய்ப்புக் கிடைப்பது அரிது.

சந்தைகள்: அமெரிக்காவில் 1943இல் தொடங்கப்பட்ட தேசிய கடிகாரச் சேகரிப்பாளர் சங்கம் உறுப்பினர்களுக்கான விற்பனைச் சந்தைகளை நடத்துகிறது. டோக்கியோவின் நாகானோ புராட்வே வளாகத்தில் பழைய கடிகாரக் கடைகள் திரண்டுள்ளன. இணைய ஏலத் தளங்களும் முக்கிய மூலங்களாகிவிட்டன.

தேடும் இடத்தைக் கடிகாரமே காட்டுதல்

சில டயல்களில் தயாரிப்பாளர் பெயருடன் விற்ற கடையின் பெயரும் இருக்கும். வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் இருந்த செர்பிகோ இ லைனோ கடையின் பெயர் பொறித்த ரோலக்ஸ்கள் இவ்வகையின. ஓமன் அரசின் கஞ்சர் சின்னம் பொறித்தவை பரிசாகத் தரப்பட்டவை. அங்கே பணியாற்றிய பிரித்தானிய வீரர்களின் குடும்பங்களிலும் இவை கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பிரித்தானியப் படைக்குப் 12 நிறுவனங்கள் செய்தளித்த கடிகாரங்களை அவற்றின் அம்புக்குறி முத்திரையால் அறியலாம்.

உண்மைத்தன்மையைச் சோதித்தல்

முழுப் போலியைக் கண்டறிவது ஓரளவு எளிது. வெவ்வேறு கடிகாரங்களின் அசல் உறுப்புகளைச் சேர்த்து உருவாக்கியதைக் கண்டறிவதே கடினம். முற்காலத்தில் பழுதுபார்க்கக் கொடுத்தால் தயாரிப்பு நிறுவனமே பழைய டயலையும் முள்ளையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தித் தந்ததும் உண்டு. அவ்வாறு மாறிய கடிகாரமும் சேகரிப்பாளர் பார்வையில் மதிப்பிழக்கிறது.

வணிகர் முதலில் கேஸின் வரிசை எண்ணையும் இயந்திரத்தின் எண்ணையும் ஒப்பிடுவார். பட்டெக் பிலிப் தன் பதிவேட்டிலிருந்து தயாரிப்பு, விற்பனை விவரங்களை எடுத்துத் தருகிறது. லாஞ்சின்ஸும் பதிவேடு பராமரிக்கிறது. ரோலக்ஸ் இவ்வாறு பொதுமக்களுக்குத் தருவதில்லை.

டயலின் ஒளிர்பூச்சு மற்றொரு சான்று. 1960களின் தொடக்கம் வரை ரேடியமும் பின்னர் டிரிட்டியமும் பூசப்பட்டன. ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அதனால் ஒளி மங்கிய பின்னும் கதிர்வீச்சு அளவி அதைக் காட்டும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு சுமார் 12 ஆண்டுகளே. எனவே 1970களின் டயல் இன்றும் இருட்டில் நெடுநேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால், அது பிற்காலத்தில் மீண்டும் பூசப்பட்டது என்று கொள்ளலாம்.

இச்சோதனைகளையும் மீறி ஏமாற்று நிகழ்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 இலட்சம் சுவிஸ் பிராங்கிற்கு மேல் விற்றது. வாங்கியது ஒமேகா நிறுவனமே. அது பல கடிகாரங்களின் உறுப்புகளால் ஆனது என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கு இதில் தொடர்புண்டு என்றும் 2023இல் அந்நிறுவனம் தெரிவித்தது.

இந்தியாவும் பழைய கடிகாரங்களும்

இந்தியாவில் பேவர்-லூபா, வெஸ்ட் எண்ட் முதலிய சுவிஸ் கடிகாரங்கள் பெருமளவில் விற்றன. 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் எச்.எம்.டி. கடிகார உற்பத்தி தொடங்கியது. இவற்றின் பழைய கேஸ்களில் புதிதாக வண்ணம் அச்சிட்ட டயல்களைப் பொருத்தி இணையத்தில் விற்பதும் நடக்கிறது. உலகச் சேகரிப்பாளர்கள் இவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்று அழைத்து விலக்குகின்றனர்.

விலையும் நேர்மையும்

வாங்கும் வணிகருக்கு மதிப்புத் தெரியும். விற்கும் குடும்பத்திற்குப் பெரும்பாலும் தெரியாது. இத்தொழிலின் முதன்மையான நெறிச் சிக்கல் இதுவே. இருவகை ஒப்பந்தங்கள் வழக்கில் உள்ளன. முழுத்தொகை கொடுத்து வாங்கும்போது குடும்பத்திற்கு உடனே பணம் கிடைக்கும். விலை இறங்கினாலும் குறை வெளிப்பட்டாலும் இழப்பு வணிகருடையது. தரகு அடிப்படையில் விற்றுத்தரும்போது பணம் தாமதமாகும். ஆனால் விற்ற விலையில் பெரும்பகுதி குடும்பத்தைச் சேரும்.

விற்க முன்வருவோர் கடிகாரத்திற்குப் பாலிஷ் போடாமல் இருப்பது முக்கியம். தேய்த்து மெருகேற்றினால் கேஸின் விளிம்புகள் மழுங்கி மதிப்புக் குறையும். கீறலும் நிறம் மாறிய டயலும் அசல் நிலைக்குச் சான்றுகள். பழைய ரசீதையும் பெட்டியையும் கடிகாரத்திலிருந்து பிரிக்காமல் வைத்திருப்பதும், குறைந்தது இரண்டு இடங்களில் மதிப்புக் கேட்பதும் இழப்பைத் தவிர்க்கும்.