உங்களுக்குத் தெரியுமா? டிஷ்வாஷருக்குள் ஒரு குட்டிக் குளம்

● டிஷ்வாஷரின் தரையில் இருக்கும் சல்லடையைத் திருகி எடுத்தால் கீழே ஒரு குழி தெரியும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். அது கோளாறு இல்லை. அடியிலுள்ள ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்துவிடாமல் இருக்க அந்த ஈரம் வேண்டும். சல்லடைக்கு மேலேயும் தண்ணீர் ஏறி, தரை முழுக்கப் பரவி நின்றால்தான் ‘இறங்கவில்லை’ என்று பொருள். மெஷின் வந்த முதல் வாரத்தில் அந்த ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்துப் பதறி, சர்வீஸுக்கு ஃபோன் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

● ஒரு தடவை பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் மெஷின் பலமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் பிடிப்பது மூன்று, நான்கு லிட்டர்தான். அதையே அடியிலிருந்து உறிஞ்சி மேலே பீய்ச்சி, விழுந்ததை மறுபடி உறிஞ்சி, சுற்றிச் சுற்றி அடிக்கிறது. நடுவில் ஒருமுறை சரியாக இறங்காவிட்டால், அந்த எச்சில் தண்ணீர் கலந்தபடியே கடைசி அலசலும் நடந்துவிடும். (ஆசாரமான மாமியார் இருக்கும் வீடுகளில் இந்த வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டாம்.) டம்ளரில் மங்கலான பூச்சு, தட்டைத் தடவினால் மணல் மாதிரி நறநறப்பு இருந்தால், பவுடரைத் திட்டுவதற்கு முன் வடிகாலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

● பீய்ச்சி அடிக்க ஒரு பம்ப், வெளியே கொட்ட இன்னொரு பம்ப் என்று பல மெஷின்களில் தனித்தனியாக இருக்கும். பாத்திரமெல்லாம் பளிச்சென்று கழுவி, அடியில் மட்டும் தண்ணீர் தேங்குவது அதனால்தான். கொட்டும் பம்ப் சின்னப் பொருள், உள்ளங்கையில் அடங்கிவிடும். பல மாடல்களில் அதன் சுழலும் பாகம் ஒரு நிரந்தர காந்தம். கரண்ட் வந்ததும் வலப்பக்கம் சுற்றுவதா இடப்பக்கம் சுற்றுவதா என்று அதற்கே தெரியாது. எந்தப் பக்கம் கிளம்பினாலும் தண்ணீர் வெளியேற வேண்டுமே! அதற்காகவே அதன் இறக்கைகளை மின்விசிறி மாதிரி வளைக்காமல் நேராக வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சங்கதி. அந்த இறக்கைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் வழவழவென்று சுற்றாது. தடுக்கித் தடுக்கி, விட்டு விட்டு நகரும். காந்தம் பிடித்து இழுப்பதால் வரும் தடுக்கல் அது. ‘ஜாம் ஆகிவிட்டது’ என்று முடிவுகட்டி நல்ல பம்ப்பைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. அசையவே மாட்டேன் என்று அடம்பிடித்தால்தான் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது.

● தண்ணீர் கொட்டும் நேரத்தில் மெஷின் பக்கத்தில் நின்று காதைக் கொடுங்கள். ‘உர்ர்’ என்று முனகல் மட்டும் கேட்டு தண்ணீர் போகவில்லையென்றால், சக்கரத்தில் ஏதாவது சிக்கியிருக்கலாம், அல்லது குழாய் அடைத்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் பம்ப்புக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பம்ப்பே போய்விட்டது. முதல் வகையை நாமே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு ஆள் வேண்டும்.

● அந்தச் சக்கரத்தை எட்டிப் பார்க்க ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டியதில்லை, ஸ்பூன் போதும். சில மெஷின்களில் பம்ப்பை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை ஸ்பூனின் காம்பால் நெம்பி எடுக்கச் சொல்லி கையேட்டிலேயே படம் போட்டிருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேங்கிய தண்ணீரை டம்ளரால் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்த பிறகே கையை விட வேண்டும். கையுறை கட்டாயம். உள்ளே உடைந்த கண்ணாடித் துண்டு கிடந்தால் கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

● பல்குத்தும் குச்சி, எலுமிச்சை விதை, கண்ணாடிச் சில்லு: இவை எல்லா நாட்டு மெஷின்களிலும் மாட்டுபவை. நம் வீட்டு வரிசை வேறு. கறிவேப்பிலை, கடுகு, முருங்கைக்காய்ச் சக்கை, புளிக்கோது, தேங்காய் நார். இதில் நார்தான் வில்லன். கறிவேப்பிலை சல்லடையிலேயே ஒட்டிக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நார் நீளவாக்கில் நுழைந்து போய்ச் சக்கரத்தின் அச்சில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும். அதனால்தான் சல்லடையைக் கழுவித் திரும்ப மாட்டும்போது, கடைசித் திருகு வரை திருகிப் பூட்ட வேண்டும் என்கிறார்கள். அரைகுறையாக உட்கார்ந்த சல்லடை, இல்லாத சல்லடைக்குச் சமம்.

● ஜாம் பாட்டிலை லேபிளோடு உள்ளே வைக்காதீர்கள். வெந்நீரில் பசை கரைந்து, காகிதம் கூழாகி, சல்லடைக் கண்களில் அப்பிக்கொள்ளும். காய்ந்தபின் சுரண்டினாலும் லேசில் வராது.

● பாத்திரத்தைக் குழாயில் நன்றாகக் கழுவிவிட்டுப் பிறகு மெஷினில் அடுக்குவது நம்மில் பலருக்கு வழக்கம். வேண்டியதில்லை. டிஷ்வாஷர் பவுடரில் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஒட்டிய சோற்றுப் பசையும் பருப்பும் அவற்றின் வேலை. தண்ணீரின் கலங்கலைப் பார்த்துக் கழுவும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் சென்சார்கூடச் சில மெஷின்களில் உண்டு. ஆனால் வழித்துப் போடுவது வேறு, கழுவுவது வேறு. பருக்கைகளையும் சக்கையையும் குப்பையில் வழித்துவிட்டு வைத்தாலே அடைப்பில் பாதி குறையும்.

● சிங்க்கில் தேய்க்கிற லிக்விடை, பவுடர் தீர்ந்துபோன ஒரு நாளில், ‘ஒரே ஒரு ஸ்பூன்தானே’ என்று டிஷ்வாஷரில் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் கதவிடுக்கிலிருந்து நுரை எட்டிப் பார்த்தது. வீட்டுக்குள் மார்கழிப் பனி! நுரையில் பாதிக்கு மேல் காற்று. பம்ப் தள்ளத் தெரிந்தது தண்ணீரை மட்டுமே; காற்றைப் பிடித்துத் தள்ள அதற்கு வராது. சக்கரம் சும்மாவே சுற்ற, மெஷின் ‘வடியவில்லை’ என்று விளக்கைச் சிமிட்டி நின்றுவிட்டது. மருந்து, பொறுமை. மெஷினை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்து நுரை அடங்கும் வரை விட வேண்டும். பிறகு மொண்டு எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் ஒன்றிரண்டு அலசல் ஓட்ட வேண்டும்.

● பின்பக்கம் வெளியேறும் வடிகுழாயின் முனை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 100 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று சில கையேடுகள் சொல்கின்றன. அதிகம் உயர்ந்தால் அந்தச் சின்ன பம்ப்பால் தூக்கித் தள்ள முடியாது. ரொம்பவும் தாழ்ந்தால் பிரச்சினை தலைகீழ். மண்ணெண்ணெய் டின்னில் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி இறக்குவார்களே, அதே கதையாக, பிடித்த தண்ணீர் பம்ப் ஓடாமலேயே வழிந்து போய்க்கொண்டிருக்கும். மெஷினை அலமாரிக்குள் தள்ளும்போது குழாய் மடங்கி நசுங்குவதும் சகஜம். அடுப்பங்கரையைப் புதுப்பித்த கையோடு தண்ணீர் நின்றால், முதல் சந்தேகம் அங்கேதான்.

● மெஷின் குற்றவாளியா, சிங்க் குற்றவாளியா? ஒரு பக்கெட் போதும். வடிகுழாயை சிங்க் இணைப்பிலிருந்து கழற்றி, ஸ்டூல் மேல் வைத்த பக்கெட்டுக்குள் விட்டு, மெஷினைக் கொட்டச் சொல்லுங்கள். பீய்ச்சிக்கொண்டு வந்தால் மெஷின் மேல் பழியில்லை. சிங்க்குக்குக் கீழே இருக்கும் பாட்டில் ட்ராப்பைக் கழற்றினால் எண்ணெய்ப் பிசுக்கு மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும். பக்கெட்டை ஏன் தரையில் வைக்கக் கூடாது என்பதற்கு மேலே சொன்ன மண்ணெண்ணெய்க் கதையே பதில்.

● சிங்க்கில் கை கழுவிய தண்ணீர் டிஷ்வாஷருக்குள் வந்து நிற்குமா? நிற்கும். இரண்டுக்கும் வடிகால் ஒன்றாக இருந்து, அது அடைத்துக்கொண்டால், போக வழியில்லாத தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வரும். அதைத் தடுக்க ஒருவழி வால்வு இருக்கிறது; அதில் ஒரு பருக்கை சிக்கினால் வால்வு மூடாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இதற்கென்றே, வடிகுழாய்க்கு நடுவில் ஒரு காற்று இடைவெளி விட வேண்டும் என்று பிளம்பிங் விதி இருக்கிறது. அங்கே பல வீடுகளில் சிங்க் ஓரத்தில் முளைத்திருக்கும் குட்டி உலோகத் தூண் அதுதான்.

● அமெரிக்க உறவினர் வீட்டில் புது டிஷ்வாஷர் முதல் நாளிலேயே தண்ணீர் இறக்கவில்லை என்றால், சிங்க்குக்குக் கீழே உணவு எச்சத்தை அரைக்கும் புது மெஷினும் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். டிஷ்வாஷர் குழாய் சேரும் துளையை அதில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பால் மூடி விற்பார்கள். தட்டி உடைத்து எடுக்காமல் குழாயை மாட்டிவிடுவது, அனுபவமுள்ள பிளம்பர்களும் செய்கிற தவறு.

● பாஷ் மெஷினின் திரையில் ‘ஈ 24’ என்ற பிழைக் குறியீடு வந்தால் வடிகால் அடைப்பு, ‘ஈ 25’ என்றால் பம்ப்பில் சிக்கல் அல்லது அதன் மூடி சரியாக உட்காரவில்லை. எல்ஜியில் வடிகால் கோளாறுக்கு ‘ஓ ஈ’. பாஷின் ‘ஈ 15’ மட்டும் வேறு ஜாதி. மெஷினின் அடித்தட்டில் கசிவுத் தண்ணீர் தேங்கி, அங்கே இருக்கும் மிதவை மேலே எழும்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டியிலோ சொட்டுத் தண்ணீர் இருக்காது. மெஷினைச் சாய்த்து அடித்தண்ணீரைக் கொட்டினால் மிதவை இறங்கி மறுபடி ஓடும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காத வரை அடுத்த வாரமும் சாய்க்க வேண்டியிருக்கும்.

● நடைமுறையில் வெற்றிபெற்ற முதல் டிஷ்வாஷரைத் தந்தவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், ஷெல்பிவில்லைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன். 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்றார். தேய்க்காமல், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே கழுவும் மெஷின் அது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பலர் பார்த்து வியந்தார்கள். ஆனாலும் வாங்கியது ஹோட்டல்கள்தான். அன்றைய வீடுகளில் அதற்குப் போதுமான வெந்நீர் வசதி இல்லை.

● சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றினால் அடைப்பு பறந்துவிடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். பொங்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். முருங்கைச் சக்கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிங்க் அடைப்பை நீக்கக் கடையில் விற்கும் காரப்பொடியை மட்டும் டிஷ்வாஷருக்குள் போட்டுவிடாதீர்கள். ரப்பரை அரிக்கும். பிறகு அந்தத் தண்ணீரில் கையை விடப்போவதும் நீங்களோ சர்வீஸ் ஆளோதான்.